சொல் கேட்கவில்லையா? குரலுக்கும் கருவிகளுக்கும் எழுதும்போது வரும் கோளாறுகள்

மெட்ஸோ என்னும் நடுத்தர உயரப் பெண் குரல், கிளாரினெட் என்னும் காற்றுக்கருவி, வயலினைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் வயோலா, செல்லோ. நான் எழுதியதை நால்வரும் முதல் ஒத்திகையில் குறையில்லாமல் வாசித்தார்கள். ஆனால் கவிதை தெரியாத ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால், ஒரு வரிகூட அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. அதன்பின் இரண்டு மாதம் ஒவ்வொரு கோளாறாகத் தேடித் திருத்தினேன். அப்போது தெரிந்தது ஒன்று: இந்த வகை இசையில் கோளாறு காதில் படும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. குரலில் கேட்கும் குறை பெரும்பாலும் கருவிகளில் இருக்கிறது. கருவிகளில் கேட்கும் குறை, கவிதையைச் சரியாகப் படிக்காததில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு நான் எழுதிய பாட்டையே வைத்துக்கொள்கிறேன். குறுந்தொகை 6, பதுமனார் பாடியது:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்
தினிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை யுலகமுந் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

நள்ளிரவு. பேச்சடங்கி எல்லாரும் இனிதாக உறங்கிவிட்டார்கள். வெறுப்பேதுமின்றி இந்தப் பரந்த உலகமும் தூங்குகிறது. நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. நான்கே அடிதான். கெடுப்பதற்கு இதற்குள் எத்தனை இடம் இருக்கிறது என்று எழுதத் தொடங்கும்போது எனக்குத் தெரியவில்லை.

சொல் கேட்கவில்லை

முதலில் மைக்கை அணையுங்கள். மைக் இருந்தால் அளவுகளை முடிவு செய்பவர் ஒலிக்கலைஞர்; நீங்கள் எழுதியதன் குணம் வெளியே வராது. பிறகு கருவிகளை நிறுத்திவிட்டுப் பாடகரை மட்டும் பாடச் சொல்லுங்கள். கவிதையைப் படிக்காத ஒருவர் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதட்டும். அப்போது சொல் தெளிவாக இருந்தால் குறை கருவிகளில். அதற்கான பகுதிக்குப் போய்விடலாம். அப்போதும் தெளியவில்லை என்றால் குறை குரலுக்கு எழுதிய வரியிலேயே இருக்கிறது. அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, உயரம். ஒவ்வோர் உயிரெழுத்தையும் நாம் அடையாளம் காண்பது வாயறையின் ஒத்ததிர்வுகளை வைத்து. இ, உ இரண்டுக்கும் முதல் ஒத்ததிர்வு 300 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் வரும். ஆவுக்கு 800ஐ ஒட்டி வரும். பாடும் சுருதியே அந்த ஒத்ததிர்வைத் தாண்டிவிட்டால் அடையாளம் போய்விடும். பியானோவின் நடுவிலுள்ள மிடில் சிக்கு (சி4; எழுத்து சுரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்) மேல் ஓர் ஆக்டேவும், அதாவது ஒரு ஸ்தாயியும், அங்கிருந்து நான்காம் சுரம் வரையும் ஏறினால் வருவது எஃப்5, ஏறத்தாழ 698 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் எந்த மொழியில், யார் பாடினாலும் ஈயும் ஊவும் ஆவின் பக்கம் சாய்ந்துவிடும். பாடகரின் உச்சரிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் ‘இனிது’ என்ற சொல்லின் இகரத்தை ஜி5இல் வைத்திருந்தேன். அவர் எத்தனை முறை பாடியும் ‘அனிது’ என்றே கேட்டது. சொல் புரிய வேண்டிய இடத்தை சி4க்கும் டி5க்கும் நடுவில் வையுங்கள். உச்சிக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஆகாரத்தில் ஏறுங்கள், அல்லது ஏற்கனவே ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிட்ட சொல்லில் ஏறுங்கள்.

இரண்டு, மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் படித்ததை இசை எழுதும்போது மறந்துவிடுகிறோம். குறில் மேல் நீண்ட சுரத்தை வைத்தால் மலை மாலையாகும், விடு வீடாகும். ஆங்கில, ஜெர்மன் பாடல்களைப் பார்த்து எழுதப் பழகியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அந்த மொழிகளில் இசையமைப்பாளர் முதலில் பார்ப்பது அழுத்தத்தை. நமக்கு நீளம்தான் பொருளையே மாற்றுகிறது. அப்படியென்றால் குறிலில் நீண்ட சுரமே கூடாதா? கூடும், மெய்யில் நீட்டினால். ‘துஞ்சும்’ என்பதில் உகரத்தை இழுக்காமல் ஞகர ஒற்றை இழுக்கலாம். மெல்லினமும் இடையினமும் நீட்டத் தாங்கும், வல்லினம் தாங்காது. ‘யாமம்’ முடிவில் உதட்டை மூடி மகரத்தில் நின்றால், அந்த முணுமுணுப்பை கிளாரினெட்டின் கீழ்ச்சுரம் அப்படியே வாங்கிக்கொள்ளும். குரல் எங்கே முடிந்தது, கருவி எங்கே தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியாது. இந்தப் பாட்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

வரியின் கடைசிச் சுரத்தை நீட்டும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ‘முனிவின்று’ குற்றியலுகரத்தில் முடிகிறது. அந்த உகரத்துக்கு இலக்கணம் தருவது அரை மாத்திரை. அதில் நான்கு பீட், அதாவது நான்கு தாள அடி, நின்றால் ‘முனிவின்றூ’ என்று கேட்கும். நீளத்தை ‘வின்’ மேல் ஏற்றி, றுவைத் தொட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

மூன்று, வல்லினம் இரட்டிக்கும் இடம். ‘பாட்டு’ என்னும்போது டகர ஒற்றில் ஒலி ஒரு கணம் முழுதாக நிற்கிறது. அந்த மௌனமும் சொல்லில் ஒரு பகுதி. அங்கே கருவிகள் நீளமாக ஒலித்துக்கொண்டிருந்தால் மௌனம் நிரம்பி ‘பாடு’ என்று கேட்கும். பதுமனாரின் நான்கு அடியிலும் வல்லினம் இரட்டிப்பது ஒரே இடத்தில்: மாக்கள். மற்றதெல்லாம் நகரமும் னகரமும் மகரமும் லகரமுமாக இரவின் ஒலிகள். அந்த ஒற்றைக் ககரத்தில் மூன்று கருவிகளையும் அரை பீட் நிறுத்தினேன். ஊரே அடங்கிய அமைதி அங்கே கேட்கிறது.

சொல் கேட்கிறது, பொருள் வேறாகக் கேட்கிறது

பதம் பிரித்த கோளாறு. கச்சேரி மேடையிலும் சினிமாவிலும் நெடுங்காலமாக இருக்கும் புகார் இது. சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசையில் இது கூடுதலாக வரக் காரணம், புத்தகத்தில் சீர் பிரித்து அச்சிட்டதை அப்படியே ஸ்கோருக்கு, அதாவது எல்லாருடைய சுரங்களும் எழுதிய தாளுக்கு, கொண்டுபோவது. ‘துஞ்சா தேனே’ என்று இடம்விட்டு எழுதினால் பாடகர் அந்த இடத்தில் மூச்செடுப்பார். தூங்காதவள் கடைசியில் தேனை அழைப்பதாகிவிடும். என் முதல் ஸ்கோரில் அப்படித்தான் இருந்தது. கவிதையின் உச்சமான சொல் அது. ஒத்திகையில் கேட்டபோது பதுமனாருக்கு நான் செய்த அநியாயம் நெஞ்சில் தைத்தது.

எனவே சுரத்தைத் தொடுவதற்கு முன், கவிதையைச் சந்தி பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள்: நள்ளென்றன்றே, சொல் அவிந்து, இனிது அடங்கினரே, துஞ்சாதேனே. பொருளையும் பக்கத்தில் எழுதுங்கள். ‘முனிவின்று’ என்பதில் உள்ள இன்று, இன்றைய நாள் அல்ல. முனிவு இல்லாமல் என்று பொருள். அதைத் தனியே தூக்கிக் காட்டினால் தவறு. ‘மன்ற’ என்பது மன்றம் அல்ல, உறுதியாக என்று சொல்லும் இடைச்சொல். நல்ல உரை ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளாமல் சங்கப் பாட்டுக்கு இசையமைக்க உட்காரக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்று: வரியை பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) முந்தைய அரைபீட்டில் தொடங்கும் பழக்கம். ஜெர்மன், ஆங்கிலக் கவிதை பெரும்பாலும் கனமில்லாத சிறுசொல்லில் தொடங்குவதால், அந்தச் சொல்லை முன்பீட்டில் போட்டுவிட்டு முக்கியச் சொல்லில் பாரைத் தொடங்குகிறார்கள். தமிழில் மோனை நிற்பது முதல் எழுத்தில். அதே அச்சில் வார்த்தால் ‘ஓர்’ முன்பீட்டுக்குப் போய், ‘யான்’ மேல் கனம் விழும். இந்தக் கவிதையில் தனிமையைச் சொல்வது ‘ஓர்’.

கருவிகள் சேர்ந்ததும் குரல் மறைகிறது

பலரும் உடனே செய்வது, கருவிகளுக்கு ‘இன்னும் மெல்ல’ என்று குறி போடுவது. அது கொஞ்சம்தான் உதவும். ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் குனிந்தாலும் நெரிசல் தீராது, இடம் மாற வேண்டும். சி4 முதல் சி5 வரை மெட்ஸோ சொல்லும் இடம். வயோலாவின் பேசும் இடமும் அதுவே. செல்லோ தன் மேல் தந்தியில் ஏறினால் அதுவும் அங்கே வந்து நிற்கும். என் ஸ்கோரில் மூன்று பேரும் அங்கே இருந்தார்கள்.

மாற்றியபின் இப்படி இருந்தது: கிளாரினெட் தன் அடி எல்லையில், டி3ஐ ஒட்டி. அந்தப் பகுதியில் கிளாரினெட் ஒன்றுமில்லாததிலிருந்து ஒலியைக் கொண்டுவர முடியும். ஓபோ என்னும் காற்றுக்கருவிக்கு அது வராது, அதன் கீழ்ச்சுரங்கள் முரட்டுத்தனமாகத்தான் எழும். செல்லோ கீழ்த்தந்தியில் பிட்சிகாட்டோ, விரலால் சுண்டி. வயோலா மேலே, தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஏ5 ஹார்மோனிக்கில், கண்ணாடி போல. நடுவில் குரல் மட்டும். யாருடைய ஒலி அளவையும் குறைக்கவில்லை, சொல் வந்துவிட்டது.

தொடர்ந்து நீளும் ஒலி மூடும். தட்டி ஓயும் ஒலி இடைவெளி விடும். நீளும் ஒலிதான் வேண்டும் என்றால் சொற்கள் இல்லாத இடத்தில் விரியவிடுங்கள். வில்லைப் பாலத்தை ஒட்டி இழுக்கும் நடுக்கம், காற்று கலந்த புல்லாங்குழல் போன்றவை மெல்லியதாகத் தோன்றினாலும் ஆபத்தானவை. அவற்றின் இரைச்சல், மெய்யெழுத்துகள் வாழும் மேல் அதிர்வெண்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுரம் கேட்கும், சொல் கேட்காது.

எல்லாக் கருவியும் எப்போதும் ஒலிக்க வேண்டும் என்பதும் இல்லை. இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ‘பியரோ லூனேர்’ 1912இல் குரலுக்கும் சிறு குழுவுக்கும் எழுதப்பட்டது. ஐந்து பேர் எட்டுக் கருவிகளை மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள், 21 கவிதைகள். அதில் 7ஆவதில் குரலோடு இருப்பது ஒரு புல்லாங்குழல் மட்டுமே.

கர்நாடக இசைப் பயிற்சி பெற்ற பெண் குரலுக்கு எழுதினால் மேலே சொன்ன கணக்கு இடம் மாறும். 5 கட்டை என்றால் ஆதார ஷட்ஜம் ஜி3. அவர் சுகமாகப் பாடும் பரப்பு டி3 முதல் டி5 வரை. கிளாரினெட்டின் அடி எல்லை இப்போது அவர் இடம். அப்போது செல்லோவைத் தவிர மற்றவர்களை மேலே ஏற்றுங்கள். சொப்ரானோ என்னும் உயர்ந்த பெண் குரலுக்கு எழுதிய ஸ்கோரை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, குரல் போதவில்லை என்று சொல்வது அநியாயம்.

பாடகர் தவறான சுரத்தில் நுழைகிறார்

அவர் சுரத்தை எங்கிருந்து எடுப்பார் என்று ஸ்கோரில் விரலை வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் குறை உங்களுடையது. நுழைவதற்கு முந்தைய ஓரிரு பாருக்குள், அதே ஆக்டேவில், ஏதேனும் ஒரு கருவி அந்தச் சுரத்தை வாசித்திருக்க வேண்டும். வேறு ஆக்டேவில் கொடுத்தால் பழகியவர்கள் பிடித்துக்கொள்வார்கள், மேடைப் பதற்றத்தில் அவர்களும் தவறுவார்கள். சேர்ந்து ஒலிக்கும் சுரத்தோடு அரைச்சுர உரசலில் நுழையச் சொன்னால், உரசும் சுரத்தை ஒரு பீட் பின்னால் தள்ளிப் பாருங்கள். பாடகர் நிலைத்து நின்றபின் உரசல் வந்தால் அவருக்குப் பயம் இல்லை, கேட்பவருக்கும் சுவை குறையாது.

தம்புராவோடு வளர்ந்த குரலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவருக்கு ஒவ்வொரு சுரமும் ஷட்ஜத்திலிருந்து இத்தனை தூரம் என்றுதான் இருக்கிறது. நீங்கள் எட்டு பாருக்குள் மூன்று முறை ஆதாரத்தை மாற்றினால் அவர் காலடி நிலம் நழுவும். செல்லோவின் கீழ் சியையோ ஜியையோ மறைவாக ஓடவிடுங்கள். நிலம் மாறும் இடத்தை மௌனத்தில் வையுங்கள்.

மூச்சு போதவில்லை

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிய டெம்போவில், அதாவது வேகத்தில், நீங்களே நின்றுகொண்டு, கைதட்டியபடி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் 8 வினாடிக்கு மேல் போனால் பிரிப்பதைப் பற்றி யோசிப்பேன், இது என் கணக்கு. பொருள் முடியும் இடத்தில் பிரியுங்கள். கிளாரினெட் வாசிப்பவருக்கும் நுரையீரல் உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

கமகம் தாளில் செத்துவிடுகிறது

கமகம் என்பது சுரத்தின் அசைவு. ஒவ்வோர் அசைவையும் முப்பத்திரண்டாம் பங்கு நோட்டாக எழுதினால், கமகம் தெரியாதவர் அதைப் படிக்கட்டு போல வாசிப்பார், தெரிந்தவர் எரிச்சலடைவார். பாடப்போகிறவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கர்நாடகப் பாடகர் என்றால் தாங்கும் சுரங்களை மட்டும் எழுதி, ராகத்தைக் குறித்து, அசைவை அவரிடம் விடுங்கள். ஐரோப்பியப் பயிற்சி பெற்றவர் என்றால் எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரத்தில் சறுக்க வேண்டும் என்று கோட்டால் காட்டுங்கள். ஒலிப்பதிவு ஒன்றையும் அனுப்புங்கள்.

இந்தக் கேள்வி நமக்கு முன்பே இன்னொருவருக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் மாணவர் மோரீஸ் டெலாஜ், இந்தியப் பயணத்தை ஒட்டி எழுதிய ‘நான்கு இந்துக் கவிதைகள்’ 1914இல் பாரிஸில் அரங்கேறியது. குரலோடு காற்றுக்கருவிகளும் ஹார்ப்பும் நால்வர் தந்திக்குழுவும் சேர்ந்த அதன் முதல் பாடலுக்குப் பெயரே ‘மதராஸ்’. லாகூர் பாடலில் செல்லோவைத் தந்தியின் மேல் சறுக்கவிட்டு, இங்கே கேட்ட ஒலியைத் தேடுகிறார். பாடகி கோயம்புத்தூர் தாயியின் கிராமபோன் இசைத்தட்டைக் கேட்டு ‘ராகமாலிகா’ என்று குரலுக்கும் பியானோவுக்கும் ஒரு பாட்டும் எழுதினார். குரலில் கேட்டதைக் கருவியின் இயல்பான அசைவுக்கு மாற்றியதுதான் அவரிடம் நான் கற்றது.

செய்யக் கூடாத ஒன்று: குரலின் கமகத்தோடு வயோலாவையும் அதே சுரத்தில் ஓடவிடுவது. கச்சேரியில் வயலின் அப்படிச் செய்கிறதே என்று கேட்கலாம். அந்த வயலின் கலைஞர் பல ஆண்டுகள் காதால் பின்தொடர்ந்து பழகியவர். ஸ்கோரைப் பார்த்து வாசிப்பவரிடம் அதைக் கேட்டால் இரண்டு அசைவும் மோதிக் கலங்கும். குரல் அசையும்போது கருவி நிற்கட்டும்.

கருவிகளுக்கு வேலையே இல்லை

குரல் வரியைத் தாளால் மூடிவிட்டு மீதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுக்க நீண்ட சுரங்களாக, யார் எழுதியதாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுபோல் கேட்டால், நீங்கள் எழுதியது பாட்டும் மெத்தையும். ஷூபர்ட் 1828இல், தன் கடைசி மாதங்களில் எழுதிய ‘பாறைமேல் இடையன்’ பாட்டில் கிளாரினெட் மலையின் எதிரொலியாக நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் இடையன் யாரிடம் பாடுகிறான்? பிராம்ஸ் ஆழ்ந்த பெண் குரலுக்கும் வயோலாவுக்கும் பியானோவுக்கும் எழுதிய இரு பாடல்களில் இரண்டாவதை, குரல் வருமுன்பே வயோலா ஒரு பழைய கிறிஸ்துமஸ் தாலாட்டோடு தொடங்குகிறது. குரல் பிறகு வேறு மெட்டில் தாயின் கவலையைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமை.

கருவிக்கு வேலை தேடும்போது சொல்லுக்குச் சொல் படம் வரைய வேண்டாம். ‘நள்ளென்’ என்று வந்ததும் செல்லோவில் ஓர் அதிர்வு, ‘உலகம்’ என்றதும் பரந்த ஸ்வரக்கட்டு என்று போனால் கவிதை துணுக்குகளாகச் சிதறும். யாப்பைப் பாருங்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயல் அடிக்கு மூன்றே சீர். ‘நனந்தலை யுலகமுந் துஞ்சும்’ என்று அடி குறைந்து நிற்கிறது. நான்காம் சீர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த இடத்தைப் புலவர் கருவிகளுக்கு விட்டுவைத்தது போலவே எனக்குத் தோன்றியது. அங்கே மூவரும் முதன்முறையாகச் சேர்ந்து ஒரே ஒரு நீண்ட மூச்சு விடுகிறார்கள்.

ஒத்திகை நேரம் ஸ்கோரிலேயே கரைகிறது

பாடகருக்குத் தன் வரி மட்டும் உள்ள பார்ட்டைத் தராமல் முழு ஸ்கோரைக் கொடுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட் பார்ட் ஒரு முழுச்சுரம் மேலே எழுதப்பட்டிருக்கிறதா என்று மென்பொருளை நம்பாமல் கண்ணால் பாருங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் கை ஓய்வாக இருக்க வேண்டும். இக்காலக் கவிஞரின் வரி என்றால், இந்தியாவில் அவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அனுமதியை இசை எழுதும் முன் வாங்குங்கள், அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் அல்ல.

முடிவு ஒட்டவில்லை

எல்லாம் சரியாக வந்தபிறகும் கடைசிப் பக்கம் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. ‘ஓர்யான்’ வருமுன் கருவிகள் ஒவ்வொன்றாக நின்று, குரல் தனியே பாடுகிறது. இதற்கு எனக்குத் துணிவு தந்தவர் ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ்: கவிஞர் பிளேக்கின் கவிதைகளைக் குரலுக்கும் ஓபோவுக்கும் எழுதிய பத்துப் பாடல்களில் மூன்றை, ஓபோவே இல்லாமல் வெறுங்குரலுக்கு விட்டார். அதன்பின் கருவிகள் திரும்பி வந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும்படி முடித்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தவறு எங்கே என்று பிடிபடவில்லை.

இத்தகைய கோளாறுக்கு ஒரே சோதனை: கடைசிச் சொல்லின் பொருளைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே முடிவை வாசிக்கச் செய்து கேட்பது. ‘நான் தூங்கவில்லை.’ உடனே இசை தேய்ந்து, தாழ்ந்து, இல்லாமல் போகிறது. என் இசை அவளைத் தூங்கவைத்துவிட்டது! கவிதை மறுத்ததை நான் பழக்கத்தால் எழுதியிருந்தேன்.

கடைசி நான்கு பாரிலிருந்தும் ஒலி குறையும் குறிகளை அழித்தேன். கிளாரினெட்டும் செல்லோவும் திரும்பி வருவதில்லை. வயோலாவின் அந்த ஏ5 ஹார்மோனிக் மட்டும், கூடாமல் குறையாமல், வில் நுனி தீரும்வரை ஒலிக்கிறது.